சாவி எனும் அமானிதம்



தர்மபுரி மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவும், வாரத்தின் பெரும்பகுதி குடும்பத் தலைவர் ஊரில் இல்லாமலேயே நடந்து வருகின்றன. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்கோ வியாபாரத்துக்கோ செல்பவர் சனிக்கிழமை இரவு வீடு திரும்புகிறார். திங்கட்கிழமை ஃபஜ்ருக்கு முன் மீண்டும் பேருந்து ஏறிவிடுகிறார். அவர் வாங்கிய இரு சக்கர வண்டி வாசலில் நிற்கிறது. அதன் சாவி சுவர் ஆணியில் தொங்குகிறது. பெரியவருக்கு மாத்திரை வாங்க வேண்டும். ரேஷன் கடைக்குப் போக வேண்டும். மக்தபுக்குச் சென்ற சிறு மகளை அழைத்து வர வேண்டும். தாய்க்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே பத்தாம் வகுப்பைக்கூட முடிக்காத மகன் அந்தச் சாவியை எடுக்கிறான். இது யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அன்று. முடிவெடுக்காமல் விட்டதால் தானாக அமைந்துவிட்ட ஏற்பாடு.

சிறுவர்கள் வண்டி ஓட்டுவதைக் கண்டிக்கும் பயான்களை நாம் கேட்டிருக்கிறோம். பெண்கள் வண்டி ஓட்டலாமா என்ற விவாதங்களையும் கேட்டிருக்கிறோம். இவ்விரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவை ஒன்றுதான். பதினைந்து வயது மகன் சாலையில் வண்டி ஓட்டுவதற்குப் பல வீடுகளில் காரணம், முப்பத்தைந்து வயது தாய் ஓட்டக் கற்றுக்கொள்ளாததே. ஓட்டக்கூடாதவன் கையில் சாவி இருக்கிறது. ஓட்டத் தகுதியுள்ளவள் கையில் அது இல்லை. இந்த வரிசையை நேராக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

அமானிதம் உரியவரிடம் சேர வேண்டும்

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சூரா அந்நிஸாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அமானிதம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த பணமும் நகையும்தான். வண்டியின் சாவியும் ஓர் அமானிதமே. ஏனெனில் அதைக் கையில் பெற்றவனிடம் ஓர் இயந்திரம் மட்டும் ஒப்படைக்கப்படவில்லை. தெருவில் விளையாடும் குழந்தையின் உயிர், பால் வாங்கச் செல்லும் முதியவரின் கால், பின்னிருக்கையில் அமர்ந்த தங்கையின் தலை ஆகிய அனைத்தும் அவன் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி நமக்குப் புதியதன்று. அந்த விசாரணையில் வண்டிச் சாவியைப் பற்றிய கேள்வியும் இருக்கும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

சாலையில் கிடக்கும் தீங்கு தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று போதித்த மார்க்கம் நம்முடையது. முள்ளையும் கல்லையும் அகற்றுவது நன்மை என்றால், பயிற்சியற்ற ஒருவனை வண்டியில் ஏற்றி அதே சாலையில் அனுப்பி வைப்பதை என்னவென்று சொல்வது?

இது மிகைப்பட்ட கவலை என்று நினைப்போர் எண்களைப் பார்க்கட்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். அவ்வாண்டில் நாட்டிலேயே மிக அதிகமான விபத்துகள் நிகழ்ந்த மாநிலமும் நம்முடையதே, எண்ணிக்கை 64,105. நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். நம் வாசலில் நிற்பதும் அதே வண்டிதான்.

சட்டம் சொல்வது என்ன?

"பதினாறு வயதில் லைசென்ஸ் கொடுக்கிறார்களே" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அது பாதி உண்மை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பதினாறு வயது நிறைந்தவருக்கு அனுமதிப்பது 50 சி.சி.க்கு மிகாத எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிளை மட்டுமே. இன்று நம் ஊர்களில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. மளிகை மூட்டையும் தக்காளிப் பெட்டியும் சுமக்கும் எக்ஸ்எல் வண்டிகூட இப்போது ஏறக்குறைய 100 சி.சி. ஆகவே நடைமுறையில், நம் வீட்டு வண்டி எதுவாயினும் அதற்குரிய வயது பதினெட்டுதான்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 199ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், அவனுடைய பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் அவருக்கு உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவனுக்கு இருபத்தைந்து வயது ஆகும் வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் பெரியவரையே சேரும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பெங்களூர் சென்றவர் அதை எப்படி நிரூபிப்பார்?

இருபத்தைந்து வயது வரை உரிமம் இல்லை என்றால், வாகனம் ஓட்டிப் பிழைக்கும் எந்த வேலைக்கும் அவன் அதுவரை செல்ல முடியாது. நம் சமுதாயத்தில் ஆட்டோ, லாரி, வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துவோர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தத் தண்டனையின் கனம் புரியும். விபத்தில் பிறர் பாதிக்கப்பட்டால் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டி கொடுக்கப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை நிறுவனம் உரிமையாளரிடமிருந்தே வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதித்து வருகின்றன.

இது துன்யாவின் சட்டம்தானே என்று எளிதாகக் கடந்துவிடவும் வழியில்லை. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1993ஆம் ஆண்டு புருனையில் கூடிய தன் எட்டாவது அமர்வில் வாகன விபத்துகளைப் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது. மார்க்கத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது ஷரீஅத்தின்படியே கடமை என்றும், வாகனத்தால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஓட்டுபவர் பொறுப்பாளர் என்றும் அதில் அறிஞர்கள் தெளிவுபடுத்தினர். தவறுதலாக ஓர் உயிர் போனாலும், இழந்த குடும்பத்துக்கு நஷ்டஈடும், அதற்கு மேல் பரிகாரமும் உண்டு என்பது குர்ஆன் வகுத்த நெறி. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில் அந்தப் பரிகாரம் தொடர்ந்து இரண்டு மாதங்கள் நோன்பு நோற்பதாகும். "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற சொல்லோடு மார்க்கம் கணக்கை முடித்துவிடுவதில்லை.

தாய் ஏன் கற்கவில்லை?

மகனிடமிருந்து சாவியை வாங்கிவிடலாம். ஆனால் மாத்திரையும் ரேஷனும் காத்திருக்குமா? சாவியை வாங்கினால் அதை வேறு ஒரு கைக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கை தாயுடையதாகவோ, பதினெட்டு வயது நிறைந்த மகளுடையதாகவோ இருப்பதில் என்ன தடை?

மார்க்கத்தில் இடமில்லை என்பது சிலர் சொல்லும் முதல் தடை. ஒட்டகம் ஏறும் பெண்களில் குறைஷிப் பெண்களைச் சிறந்தவர்களாக நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் என்ற செய்தி ஸஹீஹான நூல்களில் இடம்பெற்றுள்ளது. குழந்தைகளிடம் அவர்கள் காட்டும் பரிவுக்காகவே அந்தப் பாராட்டு. எனினும், பெண் வாகனம் ஏறுவது அன்றைய வாழ்வில் இயல்பாக இருந்தது என்பதும் அதிலிருந்து தெரிகிறது. பெண்கள் கார் ஓட்ட நெடுங்காலம் அனுமதி மறுத்த சவூதி அரேபியாவே 2018 ஜூன் 24 முதல் அந்தத் தடையை நீக்கிவிட்டது. நெடும்பயணத்துக்கு மஹ்ரம் துணை வேண்டும் என்பது தனிச் சட்டம். அதைப் பேணுவோர் பேணட்டும். பாலக்கோட்டில் குடியிருப்பவள் பாலக்கோட்டு மருத்துவமனைக்குச் செல்வது நெடும்பயணம் ஆகாது.

அந்நிய ஆணிடம் தனியாகப் பயிற்சி பெறுவது முறையாகுமா என்பது இரண்டாவது தடை. நியாயமான கேள்விதான், விடையும் எளிது. பழகுபவருடன் இருக்க வேண்டியவர் நடைமுறையிலுள்ள ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவராக இருக்க வேண்டும் என்பதே விதி. அவர் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கணவர் கற்றுக் கொடுக்கலாம். அண்ணன் கற்றுக் கொடுக்கலாம். ஏற்கெனவே உரிமம் பெற்ற நாத்தனார் கற்றுக் கொடுக்கலாம். கார் பழக டிரைவிங் ஸ்கூலுக்குத்தான் செல்ல வேண்டுமெனில், மாமியாரோ தங்கையோ பின்னிருக்கையில் உடன் அமரலாம்.

ஊர் என்ன சொல்லும் என்பது மூன்றாவது தடை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கு சென்று சந்தித்து எழுதியவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். தொடக்கத்தில் கேலி பேசிய ஊர், தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சைக்கிளில் வீடு வந்து சேர்வதைக் கண்ட பின் கேலியை விட்டது. 2018ஆம் ஆண்டில் தமிழக அரசு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியோ 25,000 ரூபாயோ மானியம் அளித்தபோதும் இதுவே நடந்தது. தெருவில் முதலில் ஓட்டியவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். பத்தாவது பெண்ணை எவரும் பார்க்கவில்லை.

தொடங்குவது எப்படி?

விருப்பம் இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகச் சில செய்திகள்.

முதற்படி பழகுநர் உரிமம், நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வது. பரிவாஹன் இணையதளத்தின் சாரதி பக்கத்தில் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் பதிவு செய்து தருகின்றனர். டிஎன் 29 என்ற எண்ணுக்குரிய தர்மபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தோடு, பாலக்கோட்டிலும் அரூரிலும் பகுதி அலுவலகங்கள் உள்ளன. வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர் மருத்துவர் கையொப்பமிட்ட 1ஏ படிவத்தையும் இணைக்க வேண்டும். மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாயும் தேர்வுக்கு 50 ரூபாயும் கட்டணம்; சேவைக் கட்டணம் தனி. சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் பற்றிய தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றால் போதும்.

கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் பெற்றவர் கியர் உள்ள வண்டியை ஓட்டக்கூடாது. வீட்டில் இருப்பது எந்த வண்டி என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் முதல் படிவம் ஓர் உறுதிமொழி. வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் உள்ள வண்டியின் எண்ணைப் படிக்க முடியுமா என்பன போன்ற கேள்விகள் அதில் உள்ளன. படித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே விடையைக் குறித்துக் கையொப்பமிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முஸ்லிமுக்குக் கையொப்பம் என்பது சாட்சியம். கண்ணாடி தேவைப்பட்டால் முதலில் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாத்திரை உண்டால் மயக்கம் வருமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழகுநர் உரிமம் ஆறு மாதங்கள் செல்லும். முப்பது நாட்கள் நிறைந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். இந்த முப்பது நாட்களை வெறும் காத்திருப்பாகக் கருதுவோரே அதிகம். அது பழகுவதற்குத் தரப்பட்ட காலம். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு வண்டியின் முன்னும் பின்னும் இருக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் கற்றுத் தருபவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது. எல்.எல்.ஆர். கிடைத்த அன்றே தங்கையை ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குச் செல்வது சட்டப்படி குற்றம்; அறிவுப்படியும் பிழை. 'எல்' போர்டு மாட்டுவதை அவமானமாக நினைக்க வேண்டியதும் இல்லை. மக்தபில் அலிஃப், பா படித்த நாளில் நாம் வெட்கப்பட்டோமா?

தேர்வு நாளில் கால் தரையில் படாமல் எட்டு போட வேண்டும். தவறினால் ஏழு நாட்கள் கழித்து மீண்டும் செல்லலாம். மறுமுறை செல்வதில் இழிவு இல்லை. இழிவு உள்ள வழி வேறு: இடைத்தரகரிடம் பணம் கொடுத்து, எட்டு போடாமலேயே உரிமம் வாங்குவது. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை அறிந்த சமுதாயம் நாம். அப்படி வாங்கிய அட்டை காவலரிடம் காட்டப் பயன்படும். எதிரே வரும் லாரியிடம் அது பயன்படாது.

எங்கே பழகுவது?

ஃபஜ்ருக்குப் பின் வெளிச்சம் வந்த வேளை, ஆளில்லாத மைதானம், ஊருக்குள் போக்குவரத்துக் குறைந்த தெரு ஆகியவை பழகுவதற்கு ஏற்றவை. முதல் வாரம் பிரேக்கைப் பழக வேண்டும். வேகத்தைப் பிறகு பழகலாம். நிற்கத் தெரிந்தவருக்கே ஓடத் தகுதி உண்டு.

நம் மாவட்டத்தின் நடுவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. பழகுபவர் அதைத் தவிர்ப்பது நல்லது. அந்தச் சாலையில் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். 2024 ஜனவரி 24 அன்று அங்கு லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றியதில் நால்வர் உயிரிழந்தனர். அங்கு நேரும் விபத்துகளுக்குக் காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் திரும்பத் திரும்பச் சுட்டும் காரணங்களுள் ஒன்று, டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் உருள விடுவது. கியரில் இருக்கும் வண்டியின் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. சில ரூபாய் எரிபொருளை மிச்சம் பிடிக்கப் போய், முன்னால் செல்லும் குடும்பத்தின் உயிர் பறிபோகிறது.

இந்தப் பாடம் லாரி ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. பெருநாள் தொழுகை முடிந்ததும் நம் வாலிபர்கள் ஒரே வண்டியில் மூவராக ஏறிப் பென்னாகரம் வழியே ஒகேனக்கல் செல்கிறார்கள். பென்னாகரத்தைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து காட்டுக்குள் இறங்குகிறது. மூன்று பேர் எடைக்கு அந்த வண்டியின் பிரேக் செய்யப்படவில்லை. ஏறும்போது எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதி. பழகும் காலத்திலேயே அதைக் கற்றுக் கொடுத்துவிட வேண்டும்.

உடை, தலைக்கவசம் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தலைக்கவசத்திலிருந்து சட்டம் விலக்கு அளிப்பது தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கே. தொப்பிக்கும் ஹிஜாபுக்கும் அந்த விலக்கு இல்லை. மெல்லிய துணி ஹிஜாபின் மேல் தலைக்கவசம் நன்றாகப் பொருந்தும். பின்களைக் கழற்றிவிட்டு அணிவது நல்லது. 2022இல் நாடு முழுவதும் தலைக்கவசம் இன்றி இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். ஆகவே பின்னால் அமரும் மனைவிக்கும் மகளுக்கும் தனித் தலைக்கவசம் வேண்டும். புர்காவின் ஓரமும் துப்பட்டாவின் நுனியும் பின்சக்கரத்தில் சிக்குவது ஒரு நொடியில் நடந்துவிடும். பின்சக்கரத்தில் துணி சிக்காதபடி தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியே. அழகுக்காக அதைக் கழற்றி வைத்திருப்போர் இன்றே மாட்டிவிடட்டும். ஓட்டும் பெண்கள் அளவான உடையை அணிந்து, ஓரங்களைச் செருகிக்கொண்டு ஏறுவது ஹயாவுக்கும் உகந்தது, உயிருக்கும் பாதுகாப்பு.

ஜமாஅத்தின் பங்கு

வீடு தனியாக மாறுவது கடினம். மஹல்லா சேர்ந்து மாறுவது எளிது. ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, கோடை விடுமுறை தொடங்குமுன் ஒரு ஜும்ஆவில், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரிடம் சாவி கொடுப்பதன் மார்க்க நிலையையும் சட்ட நிலையையும் இமாம் எடுத்துச் சொல்லட்டும். அன்று பள்ளிவாசல் வாசலில் நிற்கும் வண்டிகளில் எத்தனை சிறுவர்கள் ஓட்டி வந்தவை என்பதையும் நிர்வாகம் பார்க்கட்டும். பள்ளிவாசலுக்கே வந்தாலும் உரிமம் இல்லாத பயணம் உரிமம் இல்லாததே.

இரண்டாவது, உரிமம் பெற விரும்பும் பெண்களின் பட்டியலை எடுத்து, பத்துப் பேருக்கு ஒரே வேளையில் எல்.எல்.ஆர். பதிவு செய்து கொடுக்கலாம். ஞாயிறு காலை ஒரு பள்ளி மைதானத்தைக் கேட்டுப் பெறலாம். உரிமம் பெற்ற சகோதரிகள் கற்றுக் கொடுக்கலாம். இரண்டு 'எல்' போர்டுகளும் நான்கு தலைக்கவசங்களும் வாங்க ஜமாஅத் நிதி போதும்.

மூன்றாவது, விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதை அனைவருக்கும் கற்றுக் கொடுக்கலாம். 108ஐ அழைத்து உதவுபவரைச் சட்டம் பாதுகாக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 134ஏ பிரிவு அதற்கென்றே உள்ளது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. காவல் நிலையம் அலைய நேருமோ என்ற அச்சத்தில் ஒருவரைச் சாலையில் விட்டுச் செல்வது, ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலத்தையே வாழ வைத்தவர் என்று கற்ற சமுதாயத்துக்கு ஏற்றதன்று.

இவற்றையெல்லாம் செய்யப் பெரிய செல்வம் தேவையில்லை. பொறுமை தேவை. மகனிடம் "இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திரு" என்று சொல்லும் பொறுமை. மனைவி கிளட்சையும் பிரேக்கையும் குழப்பிக்கொள்ளும் நாளில் குரலை உயர்த்தாத பொறுமை. காத்திருக்கும் மகனுக்கும் இதில் பயன் உண்டு. தன் தாய் சாலை விதிகளைப் படித்து, தேர்வெழுதி, 'எல்' போர்டு மாட்டி, எட்டு போட்டு உரிமம் பெறுவதைக் கண்ட பிள்ளை, பதினெட்டு வயதில் அதே வழியில்தான் செல்வான். அவனுக்கு வேறு பயான் தேவைப்படாது.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவில், இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிக்கிறோம். இதை அடக்கும் ஆற்றல் நமக்கு இல்லை என்று ஒப்புக்கொள்கிறோம். அவனிடமே திரும்பிச் செல்வோம் என்று நினைவுகூர்கிறோம். அந்தப் பணிவோடு சாவியைத் திருப்புபவர்களாக நம்மையும், சாவியை உரிய கையில் ஒப்படைப்பவர்களாக நம் குடும்பத்தாரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. வெளியே செல்லும் ஒவ்வொருவரையும் நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.